பின்னலும் சொந்த முடியும்: போடுவது முதல் அவிழ்ப்பது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் பின்னல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பாடசாலை மாணவிகளின் இரட்டைப் பின்னல்தான். அதற்கு அடுத்தபடியாக, சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் நடன அரங்கேற்றத்துக்கும் சவரி வைத்துக் கட்டும் நீண்ட சடை இருக்கிறது. விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு உறவுப் பிள்ளைகளைப் பார்த்தும் கைபேசிக் காணொளிகளைப் பார்த்தும், தலை முழுவதும் மெல்லிய பின்னல்களாகப் போட்டு வாரக்கணக்கில் வைத்திருக்க விரும்பும் இளம் பெண்களும் இப்போது இருக்கிறார்கள். இந்த மூன்று வகையிலும் முடி கெடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களே உண்டு: போடும்போது வேரில் விழும் இழுவை ஒன்று, அவிழ்க்கும்போது காட்டும் அவசரம் மற்றொன்று. கீழுள்ள பதில்கள் இவ்விரண்டையும் சுற்றியே அமைந்துள்ளன.

பின்னல் போட்டால் முடி விரைவாக வளருமா?

வளராது. முடி வளர்வது தோலுக்குக் கீழே, மயிர்க்காலில். பெரும்பாலானோருக்கு அது மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளரும். அந்த வேகத்தைக் கூட்டும் ஆற்றல் பின்னலுக்கும் இல்லை, தலையில் தேய்க்கும் எண்ணெய்க்கும் இல்லை. ஆனால் பின்னலிட்ட முடி சோளகக் காற்றில் பறந்து சிக்குப்படுவதில்லை. சைக்கிளில் போகும்போது தோளிலும் புத்தகப் பையிலும் உரசுவதில்லை. நாளுக்கு நான்கு முறை சீப்பின் பற்களில் அகப்படுவதுமில்லை. அதனால் நுனி முறிவது குறைந்து, வளர்ந்த நீளம் அப்படியே தங்குகிறது. பின்னிக் கட்டினால்தான் மயிர் வளரும் என்று அம்மம்மாமார் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

மெல்லிய பின்னல்களைப் பற்றி இணையத்தில் வரும் ஆலோசனைகள் நம் தலைக்குப் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். தலையோடு ஒட்டி வரிசையாகப் பின்னுவதும், கட்டம் கட்டமாகப் பிரித்துச் சிறு பின்னல்களாகத் தொங்கவிடுவதும் ஆபிரிக்க மக்களின் நெடுங்கால மரபு. அவை சுருள் சுருளாக வளரும் முடிக்காக உருவானவை. அத்தகைய முடியில் தலைத் தோலின் எண்ணெய்ப் பசை நுனி வரை எளிதில் இறங்குவதில்லை. முடி காய்ந்துபோவதே அவர்களுடைய முதன்மையான கவலை. எனவேதான் அடிக்கடி கழுவ வேண்டாம், கெட்டியான பசைகளையும் நெய்களையும் பூசுங்கள் என்று அந்தக் காணொளிகள் சொல்கின்றன.

நம்மவர் முடி பெரும்பாலும் நேராகவோ மெல்லிய அலையாகவோ இருக்கும். எண்ணெய்ப் பசை விரைவில் கீழே இறங்கும். வெயிலில் வியர்வையும் அதோடு சேரும். அதே பசைகளை இங்கே பூசினால், செம்மண் புழுதி அதில் ஒட்டி, இரண்டாம் வாரத்திலேயே பின்னலின் அடி கறுத்துக் கட்டியாகிவிடும். இன்னொரு வேறுபாடும் உண்டு. வழுவழுப்பான நேர் முடியில் சிறு பின்னல் தானாக நிற்காமல் வழுகும். அது வழுகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்னுபவர் கூடுதலாக இழுத்துப் பின்னுவார். ஆகவே நம் முடியில் அந்தப் பின்னல் குறைந்த காலத்துக்கே இருக்க வேண்டும், கூடுதலாகக் கழுவப்பட வேண்டும், வேரில் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கலைந்து தெரிவதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவருக்கு இந்தப் பின்னல் ஏற்றதல்ல என்பதே எங்கள் கருத்து.

எவ்வளவு இறுக்கமாகப் பின்னலாம்?

வலிக்காத அளவுக்கு. முதல் நாள் வலிக்கத்தான் செய்யும், பிறகு பழகிவிடும் என்று சொல்பவரின் பேச்சை நம்ப வேண்டாம். புருவத்தை உயர்த்தும்போது நெற்றித் தோல் பின்னால் இழுபடுவதாகத் தோன்றினால், தலையணையில் ஒருபக்கமாகச் சாய்ந்து படுக்க முடியாவிட்டால், பின்னலின் அடியில் பரு போன்ற சிறு சிவப்புப் புள்ளிகள் எழும்பினால், அந்தப் பின்னல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பொறுத்திருப்பது தீர்வல்ல. நெற்றி ஓரத்திலும் காதுகளுக்கு மேலும் உள்ள பின்னல்களையாவது அன்றைக்கே அவிழ்த்துத் தளர்வாக மறுபடி போட வேண்டும்.

அந்த ஓரங்களில் முடி இயல்பாகவே மெல்லியது. தொடர்ந்து இழுபடும்போது முதலில் முறிகிறது, பிறகு உதிர்கிறது. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மயிர்க்கால் தழும்பாகி, அங்கே முடி முளைப்பது நின்றுவிடும். இழுவையால் வரும் இந்த முடியிழப்பு 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, முடியை இறுக்கி மேலே கட்டும் கிரீன்லாந்துப் பெண்களிடம் விவரிக்கப்பட்டது. தலைமுடியை இறுகச் சுற்றிக் கொண்டையிடும் சீக்கிய ஆண்களிடமும் இது பதிவாகியிருக்கிறது. எனவே இது ஓர் இனத்தாரின் முடிக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணுவது சரியல்ல. தொடக்கத்தில் கவனித்து இழுவையை நிறுத்தினால் முடி மீண்டும் வளரும். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

பின்னலின் பருமனும் முக்கியம். ஒரு விரலளவு முடியில் முழங்கால் வரை நீளும் செயற்கை முடியைச் சேர்த்தால், அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது அந்தச் சில மயிர்க்கால்கள்தான். சேர்க்கும் முடி சொந்த முடியைவிடச் சற்று நீளமாக இருந்தால் போதும்.

காலையில் முழுகிவிட்டு ஈரத் தலையோடு இரட்டைப் பின்னல் கட்டி அனுப்புகிறோம். இதில் தவறு உண்டா?

உண்டு. வீடுதோறும் நடக்கும் காரியம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். ஏழரைக்குப் பாடசாலை தொடங்குகிறது. பிள்ளை ஆறு மணிக்குக் கிணற்றடியில் முழுகுகிறாள். தலை துவட்டியும் துவட்டாமலும் எண்ணெய் வைத்து, வழித்து இழுத்து, பின்னி, மடித்து, ரிபன் கட்டப்படுகிறது. ஈரமான முடி உலர்ந்த முடியைவிட அதிகம் நீளும், எளிதில் முறியும். அந்த நிலையில் இழுத்துப் பின்னினால், காயும்போது வேரில் இழுவை ஏறுகிறது. மடித்துக் கட்டிய பின்னலின் உட்பக்கம் பகல் பன்னிரண்டு மணிக்கும் ஈரமாகவே இருக்கும். மாலையில் ரிபனை அவிழ்க்கும்போது வரும் புளித்த வாடை அதன் அடையாளம். எண்ணெய், வியர்வை, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் பொடுகுக்குக் காரணமான நுண்பூஞ்சை செழிக்கும்.

மாற்று வழி எளியது. தலை முழுகுவதைப் பாடசாலை விட்டு வந்த பிறகோ சனி, ஞாயிறிலோ வைத்துக்கொண்டு, காலையில் உடம்புக்கு மட்டும் வார்க்கலாம். மாலையில் வீட்டுக்கு வந்தவுடன் பின்னலை அவிழ்த்து, விரலால் கோதி, படுக்கும்வரை விட்டுவிடுங்கள். உச்சி பிரிக்கும் கோட்டை வாரத்துக்கு வாரம் சற்று இடம் மாற்றுங்கள். ஒரே கோட்டில் பல ஆண்டுகள் பிரித்த தலையில் அந்தக் கோடு அகன்று தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெறும் றப்பர் வளையத்தால் முடிவதைத் தவிர்த்து, துணி சுற்றிய வளையத்தைப் பயன்படுத்துங்கள். ஒழுக்கம் என்பது பின்னல் நேராக இருப்பதில் இருக்கிறது. பிள்ளையின் கண் ஓரம் மேலே இழுபடும்வரை இறுக்குமாறு எந்தப் பாடசாலைச் சட்டமும் கேட்பதில்லை.

வாரக்கணக்கில் வைத்திருக்கும் பின்னலைப் போடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முடியைக் கழுவி, முற்றாகக் காயவைத்து, சிக்கெடுத்து, பிளந்த நுனிகளை வெட்டிவிட வேண்டும். இரசாயனத்தால் நேராக்கிய முடியும், அண்மையில் வெளிறச்செய்து சாயம் பூசிய முடியும் ஏற்கெனவே வலுவிழந்தவை; அவற்றில் பாரமான பின்னல் போட வேண்டாம். குழந்தை பெற்ற சில மாதங்களிலும், டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதங்களிலும் முடி கொத்தாக உதிர்வதுண்டு. அது தானாக அடங்கும் உதிர்வு. அது அடங்கும்வரை தளர்ந்த ஒற்றைப் பின்னலே போதும்.

பின்னுபவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். செயற்கை முடி சேர்க்கும்போது, உங்கள் சொந்த முடியின் நுனி எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில் இரண்டு மூன்று பின்னல்களிலாவது ஒரு சிவப்பு நூலைச் சுற்றி முடியச் சொல்லுங்கள். அவிழ்க்கும் நாளில் கத்தரிக்கோலை எங்கே வைக்கலாம் என்பதை அந்த நூல் காட்டும்.

பேன் இருக்கும் தலையில் பின்னல் போடலாமா?

கூடாது. பின்னிய தலையில் பேன் தொற்றுவது சற்றுக் குறையும் என்பது உண்மை, ஏனென்றால் முடி பறந்து அடுத்தவர் தலையில் படுவதில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ள பேனை உள்ளே வைத்துப் பின்னினால், ஈரை எடுக்கவும் முடியாது, சொறியவும் முடியாது. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே இன்று பேன் சீப்பால் இழுத்துவிட்டு நாளை பின்னல் போடுவது பயனற்றது. முடியை நனைத்து, கண்டிஷனர் தாராளமாகப் பூசி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாக இழுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரங்களுக்கு இதைச் செய்யுங்கள். மருந்துக் கடையில் வாங்கும் பேன் மருந்தையும் சொல்லப்பட்ட இடைவெளியில் இரண்டாம் முறை பயன்படுத்த வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும்.

தலையில் மண்ணெண்ணெய் தேய்ப்பது சில வீடுகளில் இன்றும் தொடர்கிறது. அது தோலைப் புண்ணாக்கும். விறகடுப்புக்கு அருகில் உயிருக்கே ஆபத்து. அதைச் செய்யாதீர்கள்.

சேர்த்துப் பின்னிய செயற்கை முடி அரிக்கிறது. ஏன்?

செயற்கை இழைகளில் தொழிற்சாலையில் ஏற்றப்படும் பூச்சு சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பின்னுவதற்கு முதல் நாள், ஒரு வாளி தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி கலந்து அந்த முடியை அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். பின்னிய பிறகு அரிப்புத் தொடங்கினால், தலைத் தோலை மென்மையான ஷாம்பூவால் ஒருமுறை கழுவிப் பாருங்கள். தடிப்பும் நீர்வடிதலும் வந்தால் பணத்தைப் பாராமல் அவிழ்த்துவிடுங்கள்.

நுனியை மூடுவதற்குக் கொதிநீரில் தோய்ப்பார்கள். தோளில் தடித்த துவாய் போட்டு, மற்றவர் உதவியோடுதான் இதைச் செய்ய வேண்டும். லைற்றரால் நுனியைக் கருக்குவது வேண்டவே வேண்டாம். விறகடுப்பில் சமைப்பவர்கள் பின்னல்களைப் பின்னால் சேர்த்துக் கட்டி, துணியால் மூடிக்கொள்ளுங்கள். இந்த இழைகள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும்.

எத்தனை நாட்கள் வைத்திருக்கலாம்?

செயற்கை முடி சேர்த்துத் தொங்கவிட்ட சிறு பின்னல்கள் ஆறு வாரம். எவ்வளவு நன்றாக இருந்தாலும் எட்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. தலையோடு ஒட்டிப் பின்னியவை இரண்டு முதல் நான்கு வாரம். சித்திரை முதல் புரட்டாதி வரையான வெக்கைக் காலத்தில் இவற்றிலும் ஒரு வாரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. சடங்குச் சடையை அன்றிரவே அவிழ்க்க வேண்டும்.

பின்னலோடு எப்படி முழுகுவது? எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நுரையே வருவதில்லையே?

வன்னியில் பல கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் தண்ணீர் வன்தன்மை கொண்டது; கடலோரப் பக்கங்களில் சவர்த்தன்மையும் சேரும். அந்தத் தண்ணீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெண்ணிறப் படிவாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். பானையின் அடியில் படியும் வெள்ளைப் படலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பின்னலுக்குள் அது படிந்தால் முடி சொரசொரத்து, அவிழ்க்கும்போது ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். எனவே பின்னலிட்ட தலைக்குச் சவர்க்காரக் கட்டியைப் பயன்படுத்த வேண்டாம். ஷாம்பூ வன்தண்ணீரிலும் ஓரளவு வேலை செய்யும்.

சீயாக்காயும் வெந்தயமும் அவித்து அரைத்த அரப்பு, திறந்த தலைக்கு நல்ல பொருள்தான். ஆனால் பின்னலுக்குள் புகுந்த அரப்புத் துகள் வெளியே வராது. செவ்வரத்தை இலை அரைத்த விழுதுக்கும் இதே கதைதான். பின்னல் இருக்கும் வாரங்களில் இவற்றைத் தள்ளி வையுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, வியர்வை அதிகமானால் இருமுறை, இப்படிக் கழுவலாம். ஒரு பங்கு ஷாம்பூவுக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர் கலந்து, மூக்குள்ள பழைய சோஸ் போத்தலில் ஊற்றுங்கள். பின்னல்களுக்கு இடையே தெரியும் தோல் கோடுகளில் மட்டும் அதை வழியவிட்டு, நகம் படாமல் விரல் நுனிகளால் மெல்ல அழுத்தித் தேயுங்கள். பின்னலின் நீளத்தைக் கசக்க வேண்டியதில்லை. மேலிருந்து வழியும் நுரையே அதற்குப் போதும். வாளியில் தலையை முக்காமல், மேலிருந்து கீழாகத் தண்ணீர் வார்த்து, நுரையின் வழுவழுப்பு போகும்வரை அலசுங்கள். கடைசி அலசலுக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு கலந்து ஊற்றினால் படிவு குறையும்; இரண்டு நிமிடம் கழித்து அதையும் வெறும் தண்ணீரால் போக்கிவிடுங்கள். தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்க வெயிலில் நின்றால் தோல் கறுத்துப் புண்ணாகும். மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் அந்தக் கடைசி அலசலுக்கு அதையே பயன்படுத்தலாம், அதைவிட நல்லது வேறில்லை.

கோடையில் பவுசர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில், முழுத் தலையையும் நனைக்க முடியாத வாரங்களில், ஈரத் துணியைக் கோடு கோடாக ஒற்றித் தோலை மட்டும் துடைப்பது எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மேல்.

கழுவிய பிறகு பருத்தித் துணியால் பின்னல்களை ஒன்றொன்றாகப் பிழிந்து ஒற்றுங்கள், முறுக்கித் துவட்டாதீர்கள். காலை பத்து மணிக்குள் முழுகினால் மாலைக்குள் உள்வரை காயும். மாரியில், வாடைக்காற்றும் தூறலுமாக இருக்கும் நாட்களில், அடர்த்தியான பின்னல் இரண்டு நாளானாலும் காயாது. ஐப்பசி முதல் மார்கழி வரை வாரக்கணக்குப் பின்னலைத் தவிர்ப்பதே புத்தி.

எண்ணெய் வைக்கலாமா?

கொஞ்சமாக வைக்கலாம். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைப்பதை 2003 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அந்தப் பலனைத் தரவில்லை. அந்த நன்மை முடியின் தண்டுக்கு உரியது, தோலுக்கு உரியது அல்ல. எனவே உள்ளங்கையில் நாலைந்து துளி விட்டுத் தேய்த்து, பின்னலின் நடுவிலிருந்து நுனிவரை தடவுங்கள். பொடுகு உள்ள தலையில் வேரில் எண்ணெய் தேய்த்தால் பொடுகு கூடும். நல்லெண்ணெய் வைத்து முழுகும் வழக்கமுடையவர்கள் அதைப் பின்னல் போடுவதற்கு முன்பும் அவிழ்த்த பிறகும் செய்துகொள்ளலாம். பின்னலின் மேல் ஊற்றிய எண்ணெயை முழுதாகக் கழுவி எடுப்பது கடினம்.

இரவிலும் மோட்டார் சைக்கிளிலும் என்ன கவனிக்க வேண்டும்?

இரவில் வழுவழுப்பான சற்றின் துணியால் தலையைக் கட்டிக்கொள்ளுங்கள். பழைய பட்டுச் சேலைத் துண்டும் போதும். உச்சியில் கொண்டையாகக் குவித்துக்கொண்டு தூங்க வேண்டாம். தலைக்கவசத்துக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி இருக்கட்டும், பின்னல்கள் கழுத்தடியில் தாழக் கட்டப்பட்டிருக்கட்டும். பின்னலின் பருமனால் தலைக்கவசம் சரியாக இறங்காவிட்டால் பின்னலைத்தான் மாற்ற வேண்டும்.

சாமத்திய வீட்டுச் சடையை எப்படி அவிழ்ப்பது?

பிள்ளை களைத்திருப்பாள், வீடியோக்காரர் போயிருப்பார், எல்லோருக்கும் தூக்கம் வரும். அந்த நேரத்தில்தான் முடி பிய்கிறது. சடை கட்டியவரிடம் எத்தனை ஊசி குத்தினீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை ஆகியவற்றின் கொக்கிகளை முடியை இழுக்காமல் கழற்றுங்கள். பிறகு பூச்சரம். சடையோடு வைத்துத் தைத்த பூவானால், நூலைச் சடையின் வெளிப்பக்கத்தில் மட்டும், கத்தரிக்கோலின் முனை சொந்த முடியின் பக்கம் திரும்பாதவாறு வெட்டுங்கள். அடுத்ததாக ஊசிகளை எண்ணி எடுங்கள். எழுதி வைத்த எண்ணிக்கை வரும்வரை சீப்பைத் தொடாதீர்கள். குஞ்சத்தையும் சவரியையும் கீழிருந்து மேலாக அவிழ்த்து, சவரியின் முடிச்சை இழுக்காமல் தளர்த்துங்கள்.

ஸ்பிரே அடித்த முடி விறைத்துக் கம்பியாக நிற்கும். அதை உலர்ந்தபடி சீவினால் முறியும். வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து, கண்டிஷனர் பூசி, பத்து நிமிடம் பொறுத்தால் ஸ்பிரே இளகிவிடும். பிறகு விரலால் பிரிக்கலாம். அரங்கேற்றத்துக்குப் பிந்திய சடைக்கும் இதே முறைதான். நடனப் பிள்ளைகளுக்கு ஒத்திகைக்கு ஒத்திகை பாரச் சடை கட்ட வேண்டியதில்லை. நிகழ்வுக்கு முன் ஒரே ஒரு முழு ஒத்திகை போதும்.

பல வாரம் வைத்திருந்த சிறு பின்னல்களை அவிழ்க்கும் சரியான முறை என்ன?

அவசரம் இல்லாத ஒரு பகலைத் தேர்ந்தெடுங்கள்; இயன்றால் பொறுமையுள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலை உலர்ந்திருக்க வேண்டும்.

சிவப்பு நூல் கட்டிய இடத்துக்கு நான்கு விரலளவு கீழே செயற்கை முடியை வெட்டலாம். நூல் கட்டாதவர்கள் வெட்ட வேண்டாம். நுனியிலிருந்தே அவிழ்த்து வாருங்கள். முடி வளர்ந்திருக்கும் என்பதையும், பின்னலுக்குள் சொந்த முடியின் நுனி கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறந்துவிட்டு, இவ்வளவுதான் என் முடி இருக்கும் என்று கையளவு பார்த்து வெட்டியவர்கள் வருந்தியிருக்கிறார்கள். வால் சீப்பின் காம்பை நுழைத்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பின்னலையும் பிரித்து, வேருக்கு இரண்டு விரற்கடை முன்னே நிறுத்துங்கள்.

அந்த இடத்தில்தான் எல்லாக் கவனமும் வேண்டும். பின்னல் தொடங்கும் புள்ளியில், கடந்த வாரங்களில் உதிர்ந்தும் வெளியேற வழியில்லாமல் நின்ற முடியும், எண்ணெயும், புழுதியும் சேர்ந்து சாம்பல் நிறமான ஒரு சிறு வளையமாக இறுகியிருக்கும். கையால் தொட்டால் மெழுகுபோல் பிசுபிசுக்கும். அதன்மேல் தண்ணீர் பட்டால் அது கம்பளி முடிச்சாகி, பிறகு வெட்டுவதைத் தவிர வழியிராது. ஆகவே அவிழ்த்து முடியும்வரை தலையை நனைக்காதீர்கள். அந்த வளையத்தில் தேங்காய் எண்ணெயோ கெட்டியான கண்டிஷனரோ தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, இரு கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து விரியுங்கள். கீழ்நோக்கி இழுக்கக் கூடாது. வளையம் விரிந்து உதிரி முடி தளர்ந்த பிறகு, அகன்ற பல் சீப்பால் முதலில் நுனி, பிறகு நடு, கடைசியில் வேர் என்று சீவுங்கள். முடித்த பகுதியைத் தளர்வாக முறுக்கிக் கிளிப் போட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். இல்லாவிட்டால் அவிழ்த்த முடி அவிழ்க்காததோடு சிக்கிக்கொள்ளும்.

ஒரு நாளில் முடியாவிட்டால் மறுநாள் தொடரலாம். பாதித் தலையோடு வெளியே போக வெட்கமாக இருந்தால் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

அவிழ்த்தபோது கைநிறைய முடி வந்தது. வழுக்கை விழப்போகிறதா?

பெரும்பாலும் இல்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை முடி உதிர்வது இயல்பு. பின்னலில்லாத நாட்களில் அவை சீப்பிலும் தலையணையிலும் கிணற்றடியிலும் சிறிது சிறிதாகப் போய்விடுவதால் நாம் கணக்கு வைப்பதில்லை. ஆறு வாரம் பின்னலிட்டிருந்தால், 42 நாட்களுக்கு உரிய 2,100 முதல் 4,200 வரையான முடி பின்னலுக்குள்ளேயே தங்கி, அவிழ்க்கும் நாளில் ஒரேயடியாக வெளிவருகிறது.

சந்தேகம் இருந்தால் வந்த முடியில் சிலவற்றை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தன் காலம் முடிந்து உதிர்ந்த முடி. குமிழின்றி, நீளம் குறைந்து, இரு முனையும் கூராகவோ பிளந்தோ இருந்தால் அது முறிந்த முடி. இத்தகையவை அதிகமாக இருந்தால் பின்னிய விதத்திலோ அவிழ்த்த விதத்திலோ பிழை இருக்கிறது.

அவிழ்த்த பிறகு எப்போது மறுபடி போடலாம்?

இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். அவிழ்த்த அன்று முழுவதும் சிக்கெடுத்த பின்னரே முழுகுங்கள்; முடியை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தளர்வாகப் பின்னி, பகுதி பகுதியாகக் கழுவினால் மீண்டும் சிக்காது. தோலில் படிந்த அழுக்கைப் போக்க இரண்டு முறை ஷாம்பூ போட வேண்டியிருக்கும். நகத்தால் சுரண்ட வேண்டாம். இடைவெளி நாட்களில் தாழக் கட்டிய தளர்ந்த பின்னலே நல்லது. இதே நாட்களில் முடியை நேராக்குவதும் சாயம் பூசுவதும் வேண்டாம்.

சிறு பிள்ளைகளுக்குச் செயற்கை முடி சேர்த்துப் பின்னலாமா?

வேண்டாம் என்றே சொல்வோம். அவர்களுடைய முடி மெல்லியது, வலித்தாலும் விழாவின் மகிழ்ச்சியில் சொல்ல மாட்டார்கள்.

எப்போது வைத்தியரைப் பார்க்க வேண்டும்?

இழுவையை நிறுத்திய பிறகும் நெற்றி ஓரம் பின்வாங்கிக்கொண்டே போனால். நாணயம் போல் வட்டமாக வழுக்கை தெரிந்தால். தோலில் சீழ், கடும் வலி அல்லது கழுத்தில் கட்டி வந்தால். முடி போன இடம் துவாரங்கள் மறைந்து பளபளப்பாக மாறினால். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்புமாறு கேளுங்கள். போகும்போது பின்னலை அவிழ்த்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் போங்கள். தலையில் தடவிய பொருட்களின் பெயர்களையும், முன்பு எடுத்த தெளிவான படம் ஒன்று இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். சங்கடப்பட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதால் பயனில்லை, தழும்பாகிவிட்ட மயிர்க்காலை மருந்து எழுப்பாது.

கழற்றிய சவரியையும் செயற்கை முடியையும் என்ன செய்வது?

நல்ல சவரியை ஷாம்பூத் தண்ணீரில் அலசி, கண்டிஷனர் தடவி, நிழலில் தொங்கவிட்டு, முற்றாகக் காய்ந்த பின் துணிப்பையில் வையுங்கள். பொலித்தீன் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒருவர் வைத்த சவரியை மற்றவருக்கு வைப்பதற்கு முன், ஈர் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவிழ்த்து எடுத்த சிறு பின்னல்களின் செயற்கை முடியை மறுபடி பயன்படுத்த முடியாது. அதை வளவுக் குப்பையோடு கொளுத்தாதீர்கள், அந்தப் புகை நஞ்சு. காற்றில் விட்டால் கோழியின் காலிலும் வேலியிலும் சுற்றிக்கொள்ளும். ஒரு பையில் இறுக்கிக் கட்டி, பிரதேச சபையின் குப்பை வண்டி வரும் நாளில் கொடுத்துவிடுங்கள்.